குடியை விட நினைப்பவருக்கு: திருகோணமலையில் ஒரு ஆதரவுக் குழுவைத் தேடிப் பிடிப்பது எப்படி

குடியை விட வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவர் எங்கள் ஊரில் முதலில் என்ன செய்வார்? பெரும்பாலும் நேர்த்தி வைப்பார். கோணேசர் சந்நிதியிலோ பத்திரகாளி அம்மன் வாசலிலோ கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவார். வேதக்காரர் என்றால் பாதரிடம் போவார். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சத்தியம் பண்ணிய மனிதர் மறுநாள் பின்னேரம் ஆறு மணிக்கு எங்கே, யாரோடு இருக்கப் போகிறார்? கூட்டாளிகள் வழமையான சந்தியில்தான் நிற்பார்கள். அந்த நேரத்தில் போய் உட்கார வேறோர் இடமும், அதே வழியால் நடந்து வந்த நாலு பேரும் அவருக்கு வேண்டும். ஆதரவுக் குழு என்று சொல்வது இதைத்தான்.

திருகோணமலையில் இதைத் தேடுகிறவர் பெயர்ப்பலகையைத் தேடி அலையக் கூடாது. இப்படியான குழுக்கள் விளம்பரம் போடுவதில்லை. வருகிறவர்களின் பெயர் வெளியே போகக் கூடாது என்பதற்காகவே சத்தமில்லாமல் நடக்கும். ஆகவே ஆளைக் கேட்டுத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். யாரை எந்த ஒழுங்கில் கேட்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

குழுவைத் தேடப் புறப்படும் முன் ஒரு கேள்வி. போயா நாளில் உங்களுக்கு என்ன நடக்கிறது? கடை பூட்டு, முதல் நாள் வாங்கி வைக்க மறந்துவிட்டது என்று வையுங்கள். அன்று காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, ஓங்காளம் வருகிறதா? ஒரு வாய் உள்ளே போனதும் எல்லாம் அடங்கிவிடுகிறதா? ஆம் என்றால், வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தும் வீரத்தைத் தயவுசெய்து காட்ட வேண்டாம்.

பல காலம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கலங்கும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணித்தியாலத்திலிருந்தே நடுக்கமும் பதற்றமும் தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் வருவது இன்னும் மோசமானது: நாள், நேரம், ஆள் தெரியாத குழப்பம், காய்ச்சல், இல்லாத பூச்சியும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிவது. இதை வீட்டில் பார்க்கிறவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போவதுண்டு. அது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. மது இறங்குகிறபோது மூளை படுகிற பாடு. மருத்துவம் செய்யாமல் விட்டால் உயிர் போகக்கூடிய நிலை. வலிப்போ குழப்பமோ வந்தால் யோசிக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.

மருத்துவ மேற்பார்வையில் இறக்கினால் இதெல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். நடுக்கத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். கூடவே வைட்டமின் பி1, அதாவது தயமின் கொடுப்பார்கள். நீண்ட நாள் குடித்தவரிடம் அது குறைந்துபோயிருக்கும், அந்தக் குறை மூளையையே கெடுக்கக்கூடியது. சிலர் விடுதியில் தங்க வேண்டியிருக்கும், சிலர் வீட்டிலிருந்தே மருந்து எடுக்கலாம். அதை வைத்தியர் முடிவெடுக்கட்டும்.

கேட்க வேண்டிய முதல் இடம்

திருகோணமலை நகரில் உள்ளவர்களுக்கு முதல் வாசல் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் முதலில் கேட்கலாம். எந்த நாளில் உளநல கிளினிக் என்று அங்கேயே சொல்வார்கள். அரச வைத்தியசாலை என்பதால் காசு கட்டத் தேவையில்லை. அடையாள அட்டையையும், வேறு நோய்க்கு எடுக்கும் மருந்து இருந்தால் அதன் கிளினிக் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். காலையோடு போவது நல்லது. ஓபிடி வரிசையின் நீளம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

வரிசையில் எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கம் சொல்லத் தேவையில்லை. “உளநலப் பிரிவுக்குப் போகவேணும்” என்றால் போதும். உள்ளே போனதும் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: “டொக்டர், நான் ஒவ்வொரு நாளும் குடிக்கிறனான். காலமையில கை நடுங்குது. விடவேணும்.” இந்த மூன்று வசனத்தில் அவருக்குத் தேவையான பாதி வந்துவிடும். அடுத்து அளவைக் கேட்பார். இங்கேதான் எல்லாரும் வழுக்குவது. “இடைக்கிடை கொஞ்சம்” என்பது பதில் ஆகாது. கால் போத்தலா, அரையா, முழுசா என்று சொல்லுங்கள். கால் போத்தல் சாராயம் என்பது சுமார் 180 மில்லிலீற்றர். 33 வீதத்துச் சரக்கு என்றால் அதில் 47 கிராம் அளவு சுத்த மது இருக்கிறது. வைத்தியர் மருந்தின் அளவை உங்கள் வாய்ச்சொல்லை வைத்துத்தான் போடுவார். குறைத்துச் சொன்னால் மருந்தும் குறையும், நடுக்கம் மட்டும் குறையாது. கசிப்பு குடித்தவர் அதையும் சொல்ல வேண்டும். வைத்தியர் பொலிஸ்காரர் இல்லை.

வைத்தியரைப் பார்த்து முடிந்ததும் உடனே வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். குழு பற்றிய தகவல் பெரும்பாலும் வைத்தியரின் மேசையில் கிடைக்காது, அவருக்கு அடுத்த ஆள் காத்திருப்பார். அந்தப் பிரிவின் தாதியையோ, சமூக சேவை உத்தியோகத்தரையோ, உளவளத்துணையாளரையோ பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: “மிஸ், குடிய விட்ட ஆக்கள் கூடிக் கதைக்கிற இடம் இங்க எங்கயாவது இருக்கா?”

இதற்கு “இப்ப இல்லை” என்ற பதில் வந்தாலும் சோர வேண்டாம். இரண்டாவது கேள்விதான் முக்கியம்: “உங்கட கிளினிக்குக்கு வந்து விட்டு, ஒரு வருசமாவது ஆன ஆள் ஒருத்தர் என்னோட கதைப்பாரா?”

அப்படி ஒருவர் இல்லாத கிளினிக் இருக்கும் என்று நான் நம்பவில்லை. அவருடைய இலக்கத்தை உங்களிடம் தரமாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் இலக்கத்தை எழுதிக் கொடுத்து, அவர் விரும்பினால் அழைக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மற்ற வாசல்கள்

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் வேலை செய்கிறார்கள். பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் என்று உங்கள் பிரிவு எதுவோ அங்கே போய்ச் சமூக சேவைப் பக்கத்தில் கேட்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதாவது எம்ஓஎச் ஒபிஸ், இன்னொரு இடம். கிராம சேவகரிடமும் கேட்கலாம்தான். ஆனால் அவர் வீட்டு வாசலில் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள், உங்கள் பெரியம்மாவும் அதில் ஒருவராக இருக்கக்கூடும்.

தேவாலயம், கோயில், பள்ளிவாசல் எதுவானாலும் அங்கே உள்ளவர்களுக்கு ஊர்க் கதை தெரியும். குடியிலிருந்து மீண்ட ஆளை அவர்களுக்கு முகம் தெரியும். கேட்கலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் சகோதரர் இதைக் கேட்க வாய் திறப்பது மற்றவரை விட இரண்டு மடங்கு கஷ்டம். அங்கே குடியே மறைவு, விடுவது அதைவிட மறைவு. அப்படியானவர் நகரத்து வைத்தியசாலைக்கு வரலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம். இதே வழி மறுபக்கமும் பொருந்தும்: உவர்மலைக்காரருக்கு நகரத்தில் எல்லாரையும் தெரியும் என்றால், கந்தளாய் கிளினிக்குக்குப் போவதை யார் தடுக்கப் போகிறார்கள்?

பெண்கள் குடிப்பதைப் பற்றி எங்கள் ஊர் கதைப்பதே இல்லை, ஆனால் இல்லாத விஷயமும் இல்லை. நீங்கள் பெண்ணாக இருந்தால், பெண் உளவளத்துணையாளர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்கள் மட்டும் இருக்கும் குழுவுக்குள் தனியே போய் உட்காரச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள்.

முகம் காட்டாமல் தொடங்க விரும்பினால் தொலைபேசி இருக்கிறது. 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையினுடையது. 1333 இலவச ஆலோசனை இலக்கம். எடுக்கிறவர் சிங்களத்தில் “ஹலோ” சொன்னால் பயந்து வைத்துவிடாதீர்கள், “தமிழில் கதைக்கவேணும்” என்று சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர் அந்த நேரம் இல்லை என்றால், எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்தில் என்ன நடக்கும்

உலகம் முழுக்க அதிகமாகப் பரவியிருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் முறை. ஏஏ என்பார்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரும், இருவரும் குடிநோயாளிகள், ஒருவரோடு ஒருவர் கதைத்துக் கதைத்தே குடிக்காமல் தாக்குப்பிடித்தார்கள். அதுதான் தொடக்கம். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை, பதிவுப் புத்தகம் இல்லை. தேத்தண்ணிச் செலவுக்கு ஒரு பாத்திரம் சுற்றிவரும், போடாவிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை.

கூட்டங்களில் இரண்டு வகை. திறந்த கூட்டத்துக்கு மனைவி, தம்பி, நண்பர் யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முதல் முறை போகிறவர் எது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் துணைக்கு வந்தவர் வெளியே ஓட்டோவில் காத்துக் கிடக்க வேண்டிவரும்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இராது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மின்விசிறி. ஒருவர் சில பக்கம் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். அவர் சொல்லும்போது யாரும் இடையில் புகுந்து புத்திமதி சொல்வதில்லை. எங்கள் ஆட்களுக்கு இது புதுசு. யாராவது கஷ்டம் சொன்னால் உடனே “நான் சொல்றன் கேள்” என்று தொடங்கிவிடுவோமே. உங்கள் முறை வரும்போது “இண்டைக்குக் கேக்கத்தான் வந்தனான்” என்றால் விட்டுவிடுவார்கள். தேத்தண்ணி வரும்போது கோப்பையில் பாதிதான் ஊற்றியிருந்தால் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம். புதிதாக வந்தவருடைய கை நடுங்கும், சிந்தினால் வெட்கப்படுவார் என்று தெரிந்தவர் ஊற்றிய கோப்பை அது.

அந்த முறையில் 12 படிகள் உண்டு, அதில் கடவுள் என்ற சொல் வரும். “நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்” என்று அவர்களே விளக்கமும் வைத்திருக்கிறார்கள். சைவர், முஸ்லிம், கத்தோலிக்கர் ஒரே வட்டத்தில் உட்கார முடிவது அதனால்தான். கடவுள் பேச்சே வேண்டாம் என்பவருக்கு ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறு முறை உண்டு. அது 1994இலிருந்து நடக்கிறது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சியை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் தமிழில் தேடும்போது ஏஏயை விட அது கிடைப்பது கஷ்டம்.

ஒரே கூட்டத்தோடு “எனக்குச் சரிவராது” என்று முடிவுகட்டாதீர்கள். நாலைந்து தடவை போய்ப் பாருங்கள். முதல் தடவை மனம் முழுக்க வாசலில்தான் இருக்கும், யார் வருகிறார், யார் என்னைப் பார்த்தார் என்று.

எந்த இடத்திலிருந்து எழும்பி வர வேண்டும்

குழு என்ற பெயரில் எல்லாமும் குழு இல்லை. முன்பணமாகப் பெருந்தொகை கேட்டால், வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தச் சொன்னால், உங்கள் படத்தையும் கதையையும் முகநூலில் போடக் கேட்டால், மதம் மாறுவதை நிபந்தனையாக வைத்தால், எழும்பி வந்துவிடுங்கள். மாதக் கணக்கில் தங்கவைக்கும் தனியார் இல்லங்களைப் பற்றி யாராவது சொன்னால், வைத்தியர் எந்த நாளில் வருகிறார், வீட்டார் எப்போது பார்க்கலாம், அடிப்பது கட்டிவைப்பது உண்டா என்று நேரே கேளுங்கள். கேள்விக்குக் கோபப்படுகிற இடத்தில் ஆளைச் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது மனைவிமாரைக் குறிவைத்து வருகிறது. “அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்” என்று விற்கிற தூள். அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. டைசல்பிராம் போன்ற மருந்து அதில் கலந்திருந்து, அந்த மனிதர் தெரியாமல் குடித்துவிட்டால், முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, சாகவும் கூடும். டைசல்பிராமை வைத்தியர்களும் கொடுப்பதுண்டு, ஆனால் எடுக்கிறவருக்குச் சொல்லி, அவருடைய சம்மதத்தோடு.

கைபேசியில் தமிழ்க் கூட்டம்

ஊரில் குழு கிடைக்கும்வரை, அல்லது கிடைத்த பிறகும், இணையவழிக் கூட்டங்கள் பெரிய உதவி. தமிழ்நாட்டில் ஏஏ நீண்ட காலமாக வேரூன்றியிருக்கிறது, அங்கே தமிழில் கூட்டங்கள் நடக்கின்றன. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மணிக்கூடு ஒன்றுதான், ஆகவே அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கேயும் எட்டு மணி. ஏஏயின் ‘மீட்டிங் கைட்’ செயலியில் இடத்தையும், இணையவழியா என்பதையும் போட்டுத் தேடலாம். சூமில் நுழையும்போது உங்கள் முழுப்பெயரை எடுத்துவிட்டு முதல் பெயரையோ ஓரெழுத்தையோ போடுங்கள். கமராவை மூடி வைக்கலாம். சென்னைத் தமிழ் முதலில் காதில் ஒட்டாது, இரண்டு கூட்டத்தில் பழகிவிடும். அவர்கள் “டாஸ்மாக்” என்பதும் நாங்கள் “தவறணை” என்பதும் கடைசியில் ஒரே வாசல்தான்.

வீட்டில் எல்லாரும் இருக்கிற நேரத்தில் இது கஷ்டம் என்றால் இயர்போனோடு கடற்கரையில் போய் உட்காருங்கள். டச்பே கடற்கரையில் மான்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

குழுவே இல்லை என்றால்

மேலே சொன்ன எல்லா வாசலையும் தட்டியும் பக்கத்தில் ஒன்றுமில்லை என்று வைப்போம். உளநலப் பிரிவு மூலம் உங்களுக்கு ஒரு ஆள் அறிமுகமாகியிருந்தால், அது குழுவுக்குப் போதும். அக்ரனிலும் இரண்டு பேர்தான்.

கிழமையில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், மாறாத நேரம். இந்த மூன்றில் கைவைக்காதீர்கள். குடிக்கும் நேரத்தைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்: சம்பள நாளின் பின்னேரம், வெள்ளி இரவு, போயாவுக்கு முதல் நாள். மீனவர்கள் அதிகம் உள்ள பகுதி என்றால் மழைக்காலத்தை மறக்க வேண்டாம். வாடைக்காற்று கடலைக் கலக்கி, வள்ளம் கரையில் கிடக்கும் மார்கழி மாதத்தில் கையில் வேலை இராது, போத்தல் வரும். அந்த மாதங்களில் கிழமைக்கு இரண்டு தடவை கூடலாம்.

இடத்துக்கு வைத்தியசாலையின் உளநலப் பிரிவிடமோ, தேவாலய மண்டபத்துக்கோ, பாடசாலை முடிந்த பிறகு ஒரு வகுப்பறைக்கோ கேளுங்கள். யாருடைய வீட்டிலும் வேண்டாம். ஒரு வீட்டுக்காரர் சறுக்கினால் குழுவும் அன்றோடு தெருவுக்கு வந்துவிடும். வட்ஸ்அப் குழு வைத்தால் அதற்குப் பெயர் “பின்னேரத் தேத்தண்ணி” மாதிரி ஏதாவது இருக்கட்டும். கைபேசியைப் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

யாராவது மறுபடி குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே பேசி வையுங்கள். வெறியில் இருக்கிறவர் அன்று கதைக்கத் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருக்கலாம். சத்தம் போட்டால் ஒருவர் அவரோடு வெளியே போய் நிற்பார். அடுத்த கிழமை அவர் வராவிட்டால் அழைத்துப் பார்ப்பது யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். சறுக்கினவர் வெட்கத்தில்தான் காணாமல் போவார், ஒரு அழைப்புக் கிடைத்தால் பெரும்பாலும் திரும்பி வருவார். ஆனால் பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டு மறுபடி நிறுத்துகிறவருக்கு உடம்புக் கதை திரும்பவும் முதலிலிருந்து. அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

கல்யாண வீடு, செத்த வீடு இரண்டுக்கும் தனியே போக வேண்டாம் என்பதைக் குழுவின் வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. செத்த வீட்டில் இரவு விழித்திருக்கும்போது பின்வளவில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

வீட்டில் இருக்கிறவர்களுக்கு

குடிக்கிறவர் வரமாட்டேன் என்கிறார், ஆனால் நீங்கள் நொந்துபோய்விட்டீர்கள். அப்போதும் நீங்கள் மட்டும் உளவளத்துணையாளரிடம் போகலாம். அவர் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951இலிருந்து அல்-அனான் என்ற தனிக் குழு முறை இருக்கிறது. அதிலும் இணையவழிக் கூட்டங்கள் உண்டு.

அடி, மிரட்டல் இருந்தால் குழுவுக்குக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். “வெறியில அடிச்சவர், தெளிஞ்சா நல்ல மனுசன்” என்பது நீதிமன்றத்தில் சாட்டாக நிற்காது.

அவர் விட சம்மதித்த நாளில், அவருடைய பழைய கதையை எடுத்து வாசிக்காமல், கிளினிக்குக்கு எந்த நாள் போவது, யார் கூடப் போவது, அன்று கடையையோ வேலையையோ யார் பார்ப்பது என்று மட்டும் பேசுங்கள். முதல் கிழமை சாப்பாடு ஒழுங்காக இறங்காது, நித்திரை வராது, எரிந்து விழுவார். மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள், அவருடைய கூட்டாளி படலையில் வந்து கூப்பிட்டால் நீங்களே போய்ப் பதில் சொல்லுங்கள்.